மாணவர் பேரவையிலிருந்து ஒரு பல்கலைக்கழகம்

நுழையும்முன்

மாணவர்கள் ஒன்றுகூடிக் குரல் எழுப்பிய நிகழ்வுகள் வரலாற்றில் பல உண்டு. எழுப்பிய குரலுக்குத் தம் வாழ்நாளையே பிணையாக வைத்தவர்கள் சிலரே. இந்தியக் குடியரசின் மூன்றாம் தலைவராக விளங்கிய ஜாகிர் உசேன் அச்சிலருள் ஒருவர். குடியரசுத் தலைவராக அவரைப் பலரும் அறிவர். மாணவர் பேரவையின் நிருவாகியாக அறிந்தவர் குறைவு. இருபத்து மூன்று வயதில் அவர் எடுத்த ஒரு முடிவும் அம்முடிவுக்காக அவர் உழைத்த ஆண்டுகளும் இப்பாடத்தின் பொருள்.

இளமையும் இழப்பும்

ஜாகிர் உசேன் 1897 பிப்ரவரி 8ஆம் நாள் ஐதராபாத்தில் பிறந்தார். அவருடைய முன்னோர் இன்றைய உத்தரப்பிரதேசத்தின் பரூக்காபாத் மாவட்டத்திலுள்ள காயம்கஞ்ச் என்னும் ஊரினர். தந்தையார் பிதா உசேன்கான் ஐதராபாத்தில் வழக்கறிஞராகப் பணியாற்றிப் புகழ்பெற்றவர். சிறுவனுக்குப் பத்து வயதானபோது, 1907இல், தந்தையார் மறைந்தார். குடும்பம் காயம்கஞ்சுக்குத் திரும்பியது. எட்டாவா நகரின் இஸ்லாமியா உயர்நிலைப்பள்ளியில் விடுதியில் தங்கி ஜாகிர் பயின்றார். 1911இல் பரவிய கொள்ளைநோய் அன்னையையும் பறித்துக்கொண்டது.

பதினான்கு வயதில் பெற்றோர் இருவரையும் இழந்த அம்மாணவருக்குப் பள்ளியே வீடாயிற்று. உலக நடப்பை அறியும் வேட்கை அவருக்கு அப்போதே மிகுந்திருந்தது. இரயிலில் வந்திறங்கும் செய்தித்தாளை நிலையத்திற்கே நடந்து சென்று வாங்கிவந்து, உடன்பயில்வோர்க்குப் படித்துக்காட்டுவார் என்பர். தாம் அறிந்ததைத் தம்முடன் வைத்துக்கொள்ளாமல் பகிர்ந்தளிக்கும் அப்பண்பு பின்னாளில் அவர் ஏற்ற பணிகளுக்கெல்லாம் வித்தாக அமைந்தது.

பேரவையின் மேடை

பள்ளிப்படிப்பை முடித்த ஜாகிர் உசேன், அலிகார் நகரிலிருந்த முகமதிய ஆங்கிலோ ஓரியண்டல் கல்லூரியில் சேர்ந்தார். சர் சையது அகமது கான் உருவாக்கிய அக்கல்லூரி வட இந்திய முஸ்லிம்களின் உயர்கல்விக்கு வாயிலாக விளங்கியது. அங்கே 1884இல் ஒரு மாணவர் பேரவை தோன்றியிருந்தது. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக மாணவர் பேரவையை ஒட்டி அமைந்த அது, முதல் முதல்வர் சிட்டன்சின் பெயரைத் தாங்கியது. ஒரு பொருளை முன்வைத்தல், அதனை மறுத்துரைத்தல், அவையின் கருத்தை வாக்கெடுப்பால் அறிதல் ஆகியன அங்கு முறையாக நடைபெற்றன. நாடு தன்னாட்சி பெறாத காலத்தில், வாக்களிக்கவும் மாற்றுக்கருத்தைச் செவிமடுக்கவும் மாணவர்கள் பழகிய இடம் அது.

அப்பேரவையில் ஜாகிர் உசேன் சிறந்த பேச்சாளராக வளர்ந்தார். கூர்மையான வாதமும் நகைச்சுவையும் அவரிடம் இயல்பாக இணைந்திருந்தன. மாணவர்கள் அவரை ‘முர்ஷித்’ என்று அன்போடு அழைத்தனர். வழிகாட்டும் ஆசான் என்பது அதன் பொருள். பேரவையின் துணைத்தலைவராகவும் அவர்கள் அவரைத் தேர்ந்தெடுத்தனர். இளங்கலைப் பட்டம் பெற்றபின் பொருளியலில் முதுகலையும் சட்டமும் பயிலத் தொடங்கிய அவர், அக்கல்லூரியிலேயே கற்பிக்கும் பணியையும் ஏற்றார். உயர்ந்த அரசுப்பணியோ கல்லூரிப் பேராசிரியர் பதவியோ அவருக்கு எட்டும் தொலைவில் இருந்தது.

1920 அக்டோபர்

நாடு கொந்தளித்துக்கொண்டிருந்த காலம் அது. 1919 ஏப்ரல் 13இல் ஜாலியன்வாலாபாக்கில் நிகழ்ந்த படுகொலை மக்களின் நெஞ்சில் ஆறாப் புண்ணாக இருந்தது. துருக்கியின் கலீபாவுக்கு இழைக்கப்பட்ட அநீதியை எதிர்த்துக் கிலாபத் இயக்கம் எழுந்தது. 1920 செப்டம்பரில் கல்கத்தாவில் கூடிய காங்கிரசின் சிறப்பு மாநாடு ஒத்துழையாமைத் திட்டத்தை ஏற்றது. அரசின் உதவிபெறும் பள்ளிகளையும் கல்லூரிகளையும் விட்டு விலகுவது அத்திட்டத்தின் ஒரு கூறு.

அக்டோபர் 12ஆம் நாள் காந்தியடிகளும் அலி சகோதரர்களும் அலிகார் வந்து மாணவரிடையே உரையாற்றினர். அன்று ஜாகிர் உசேன் ஊரில் இல்லை. மருத்துவர் அன்சாரியிடம் உடல்நலம் குறித்துக் கலந்தறிய அவர் தில்லி சென்றிருந்தார். திரும்பி வந்தபோது, வந்த தலைவர்களின் பேச்சை மாணவர் சிலர் எள்ளி நகையாடுவதைக் கேட்டார். அந்த நகைப்பு அவரைத் தைத்தது. நாட்டுக்காக யாவற்றையும் துறந்தவர்களின் அழைப்பை ஏற்பதும் மறுப்பதும் ஒருவரின் உரிமை. அதனைக் கேலிப்பொருளாக்குவது கற்றவர்க்கு அழகாகுமா என்று அவர் உள்ளம் வினவியது.

அடுத்து நிகழ்ந்த மாணவர் கூட்டத்தில் அவர் கல்லூரியைத் துறக்கும் தம் முடிவை வெளியிட்டார். அம்முடிவு எளியதன்று. தந்தையும் தாயும் இல்லாத இளைஞர், மணமானவர், பட்டமும் பதவியும் கைக்கெட்டும் நிலையில் இருந்தவர். தம் வாழ்வில் நன்கு உணர்ந்து எடுத்த முதல் முடிவு அதுவே என்றும், பிற்கால வாழ்வு முழுவதும் அதிலிருந்தே பெருகியது என்றும் பின்னாளில் அவர் நினைவுகூர்ந்தார்.

அவருடைய முடிவைக் காட்டிலும் அவர் அடுத்து எழுப்பிய வினாவே முதன்மையானது. கல்லூரியை விட்டு வெளியேறும் மாணவன் எங்கே செல்வான்? படிப்பை விடுமாறு சொல்வது எளிது. விட்டவனுக்குப் படிப்பைத் தருவது யார்? இவ்வினாவோடு அவர் தில்லி சென்று ஹக்கீம் அஜ்மல்கான், மருத்துவர் அன்சாரி, மௌலானா முகமது அலி ஆகிய தலைவர்களைச் சந்தித்தார். மாணவர்கள் வெளியேறினால் அவர்களுக்கெனத் தேசியக் கல்விக்கூடம் ஒன்றை அமைப்பீர்களா என்று கேட்டார். அவர்கள் இசைந்தனர். மறுப்பை முழங்கும்படி மட்டும் மாணவர்களை அழைத்திருந்தால் அலிகார் நிகழ்வு சில நாள் பரபரப்பாக முடிந்திருக்கும். மாற்று என்ன என்று மூத்தோரை வினவியதனால் அது ஒரு கல்வி நிறுவனத்தின் தொடக்கமாயிற்று.

கூடாரங்களில் பிறந்த கல்விக்கூடம்

1920 அக்டோபர் 29ஆம் நாள், அலிகார்க் கல்லூரியின் பள்ளிவாசலில் ‘ஜாமியா மில்லியா இஸ்லாமியா’ தொடங்கப்பட்டது. நோயுற்றிருந்த முதுபெரும் அறிஞர் மௌலானா மஹ்மூத் ஹசன் அதனைத் தொடங்கிவைத்தார். ஹக்கீம் அஜ்மல்கான் முதல் வேந்தராகவும் முகமது அலி முதல் துணைவேந்தராகவும் பொறுப்பேற்றனர்.

எல்லா மாணவரும் வெளியேறவில்லை. அச்சமுற்ற பெற்றோர் பலர் தம் பிள்ளைகளை ஊருக்கு அழைத்துச் சென்றனர். உறுதியாக நின்றவர்கள் கூடாரங்களிலும் வாடகை வீடுகளிலும் தங்கிப் பயின்றனர். முதுகலை மாணவராக இருந்த ஜாகிர் உசேன் அங்கே ஆசிரியரானார். தங்குமிடம், உணவு, நூல்கள் என ஒவ்வொன்றையும் புதிதாகத் தேடவேண்டியிருந்தது.

நாட்டு மக்கள் தாமே கல்வி நிலையங்களை எழுப்பிய காலம் அது. தமிழகத்திலும் அவ்வுணர்வு இருந்தது. ஜவ்வாது மலையடிவாரத்து ஆலங்காயத்திற்கு அருகிலுள்ள வாணியம்பாடியில், முஸ்லிம் கல்விச் சங்கத்தின் முயற்சியால் 1919இல், அதாவது ஜாமியா தோன்றுவதற்கு ஓராண்டு முன்னர், இஸ்லாமியா கல்லூரி தொடங்கப்பட்டது. ஜாமியாவின் தனித்தன்மை, அதன் தோற்றத்திற்கு மாணவரின் வினாவும் துணிவும் காரணமாயிருந்ததே ஆகும்.

மூடிவிடலாம் என்ற நாளில்

1922இல் ஜாகிர் உசேன் உயர்கல்விக்காக ஜெர்மனி சென்றார். பெர்லின் பல்கலைக்கழகத்தில் பொருளியல் பயின்று முனைவர் பட்டம் பெற்றார். இந்திய வேளாண்மைப் பொருளியல் அவருடைய ஆய்வுப்பொருள். ஓய்வு நேரத்தில் அச்சுக்கூடம் ஒன்றில் தம் கையாலேயே எழுத்துக் கோத்து, உருதுக் கவிஞர் காலிபின் கவிதைத் தொகுப்பை அச்சிட்டார். உழைப்பையும் கல்வியையும் பிரித்துப் பாராத அவர் மனப்பாங்குக்கு அச்செயல் சான்று.

இங்கே நாட்டின் நிலை மாறியது. 1922இல் ஒத்துழையாமை இயக்கம் நிறுத்தப்பட்டது. 1924இல் துருக்கியே கலீபா பதவியை நீக்கியது. கிலாபத் இயக்கம் அளித்துவந்த பொருளுதவி வற்றியது. அலை வடிந்தபின் கரையில் நிற்கும் படகுபோல் ஜாமியா நின்றது. அதனை மூடிவிடலாம் என்ற பேச்சு எழுந்தது. ஹக்கீம் அஜ்மல்கானின் முயற்சியால் 1925இல் அது தில்லியின் கரோல்பாக் பகுதிக்கு மாற்றப்பட்டது. காந்தியடிகளும் அதனைக் கைவிடலாகாது என்று ஊக்கமளித்தார்.

செய்தி பெர்லினை எட்டியது. ஜாகிர் உசேனும் அவருடைய நண்பர்களான ஆபித் உசேனும் முகமது முஜீபும் தம் வாழ்நாளை ஜாமியாவுக்கே அளிக்க உறுதிபூண்டனர். தாங்கள் திரும்பும்வரை அதனை மூடவேண்டாம் என்று தலைவர்களைக் கேட்டுக்கொண்டனர். 1926இல் மூவரும் நாடு திரும்பினர். ஜாகிர் உசேன் துணைவேந்தரானபோது அவருக்கு வயது 29. ஆறு ஆண்டுகளுக்கு முன் மாணவராக எழுப்பிய வினாவுக்கு இப்போது தாமே விடைசொல்ல வேண்டிய இடத்தில் அவர் நின்றார்.

வறுமையே முதலாக

1927இன் இறுதியில் ஹக்கீம் அஜ்மல்கான் மறைந்தார். பெருந்துணை சாய்ந்தது. 1928இல் ஜாமியாவின் ஆசிரியர்கள் சிலர் கூடி ஒரு கழகம் அமைத்து உறுதிமொழி ஏற்றனர். இருபது ஆண்டுகள் அங்கேயே பணிபுரிவது, மாத ஊதியமாக 150 ரூபாய்க்கு மேல் பெறுவதில்லை என்பன அவ்வுறுதிமொழியின் கூறுகள். அந்த 150 ரூபாயும் ஏட்டளவில்தான் இருந்தது. ஐரோப்பாவில் முனைவர் பட்டம் பெற்ற துணைவேந்தரே அதனினும் மிகக் குறைந்த தொகையைப் பெற்றுக்கொண்டார். அத்தொகையும் உரிய நாளில் கிடைக்காத மாதங்கள் உண்டு.

துணைவேந்தர் பொறுப்போடு சிறுவர்களுக்குப் பாடமும் நடத்தினார். மாணவர்கள் அழுக்கேறிய காலணிகளோடு வருவதைப் பலமுறை கண்டித்தும் பயனில்லாதபோது, ஒருநாள் வாயிலில் தூரிகையோடு அமர்ந்து அவர்களின் காலணிகளைத் தாமே துடைத்துக் கொடுத்தார் என்பர். தொடக்கப்பள்ளிக் குழந்தைகளுக்கு இனிப்பு வழங்கிக்கொண்டிருந்தபோது தம் சிறு மகள் இறந்த செய்தி காதில் சொல்லப்பட்டும், குழந்தைகளின் மகிழ்ச்சி குலையக்கூடாதென்று இறுதிவரை வழங்கி முடித்த பின்னரே அவர் வீடு திரும்பினார் என்றும் கூறுவர்.

மாணவரின் சிறு அரசு

பேரவையில் வளர்ந்தவர், தம் பள்ளியில் மாணவரை அடக்கி ஆளவில்லை. ஜாமியாவின் தொடக்கப்பள்ளியில் குழந்தைகளுக்கெனச் ‘சிறுவர் அரசு’ இயங்கியது. அவர்களே தேர்தல் நடத்திப் பொறுப்பாளர்களைத் தேர்ந்தெடுத்தனர். அவர்களே கடை நடத்தினர், சேமிப்பு வங்கி நடத்தினர், கணக்கு எழுதினர். கணக்கில் பிழை நேர்ந்தால் அதனைக் கண்டறிந்து திருத்துவதும் அவர்கள் பொறுப்பே. கூட்டலும் கழித்தலும் அங்கே ஏட்டுச்சுரைக்காயாக இல்லாமல் நாள்தோறும் பயன்படும் கருவியாயின. உரிமை கேட்பவர் கணக்கும் காட்டவேண்டும் என்னும் குடியாட்சியின் முதற்பாடத்தை அக்குழந்தைகள் கடைப்பலகையின் முன் நின்று கற்றனர்.

1935 மார்ச் 1ஆம் நாள் தில்லிக்கு அருகிலிருந்த ஓக்லாவில் ஜாமியாவுக்கென நிலையான கட்டடம் எழுப்பும் பணி தொடங்கியது. அடிக்கல் நாட்ட அமைச்சரோ ஆளுநரோ அழைக்கப்படவில்லை. பள்ளியின் மிக இளைய மாணவரே அதனை நாட்டினார். கல்விக்கூடம் யாருக்குரியது என்பதை அச்செயல் சொல்லாமல் சொல்லிற்று.

ஆதாரக் கல்வி

1937 அக்டோபரில் காந்தியடிகள் வார்தாவில் கல்வி மாநாட்டைக் கூட்டினார். புதிய கல்வித்திட்டத்தை வகுக்க அமைந்த குழுவின் தலைமை ஜாகிர் உசேனிடம் ஒப்படைக்கப்பட்டது. அக்குழுவில் தமிழர் இருவர் இடம்பெற்றனர். ஒருவர் தஞ்சையில் பிறந்த பொருளியல் அறிஞர் ஜே.சி. குமரப்பா, மற்றவர் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த ஆரியநாயகம். ஏழு வயது முதல் பதினான்கு வயது வரை கட்டணமில்லாக் கட்டாயக் கல்வி, தாய்மொழிவழிக் கற்பித்தல், கைத்தொழிலை நடுவாகக் கொண்ட பாடம் ஆகியவற்றை அக்குழு பரிந்துரைத்தது. அதுவே ‘ஆதாரக் கல்வி’ எனப் பெயர்பெற்றது. ஜாமியாவின் வறுமையிலும் உழைப்பிலும் கற்ற பாடங்கள் நாடு முழுமைக்குமான திட்டத்திற்குத் துணைபுரிந்தன.

தீயின் நடுவே

1946 நவம்பரில் ஜாமியாவின் வெள்ளிவிழா நடைபெற்றது. நாடெங்கும் வகுப்புக் கலவரம் மூண்டிருந்த நேரம். எதிரெதிர் முகாம்களில் நின்ற நேருவையும் ஜின்னாவையும் ஒரே மேடையில் ஜாகிர் உசேன் அமரச்செய்தார். பரவிவரும் பகைத்தீயை அணைக்குமாறு அவர்களிடம் உருக்கமாக வேண்டினார். அவ்வேண்டுகோள் தீயைத் தடுக்க இயலவில்லை. 1947இல் நாடு பிரிந்தது. காஷ்மீர் செல்லும் வழியில் ஜலந்தர் இரயில் நிலையத்தில் கலவரக்காரரிடம் அவர் சிக்கினார். சீக்கியப் படைத்தலைவர் ஒருவரும் இந்து இரயில்வே அலுவலர் ஒருவரும் அவரைக் காப்பாற்றினர். கரோல்பாக்கிலிருந்த ஜாமியாவின் நூல்கள் தீக்கிரையாயின. ஆண்டுக்கணக்கில் சேர்த்தவை சாம்பலாயின. ஆயினும் அவர் மனத்தில் கசப்பு தங்கவில்லை.

துறந்த வாயிலுக்கு மீண்டும்

அவர் 1920இல் துறந்து வெளியேறிய கல்லூரி அதே ஆண்டின் இறுதியில் அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழகமாக உயர்ந்திருந்தது. பிரிவினைக்குப் பின் அதன் எதிர்காலம் கேள்விக்குறியாயிற்று. ஆசிரியரும் மாணவருமாகப் பலர் பாகிஸ்தான் சென்றுவிட்டனர்; எஞ்சியோர் ஐயத்தோடு நோக்கப்பட்டனர். அந்நிலையில், 1948இல் அதன் துணைவேந்தர் பொறுப்பை ஜாகிர் உசேன் ஏற்றார். மாணவராக எதிர்த்து வெளியேறிய அதே நிறுவனத்தை, அதன் இடர்க்காலத்தில் தாங்கிப்பிடிக்க அவர் திரும்பிவந்தார். 1956 வரை அங்கே பணியாற்றி அதன்மீது நாட்டுக்கிருந்த நம்பிக்கையை மீட்டார். அவர் எதிர்த்தது அந்நியர் ஆட்சிக்கு அடங்கியிருந்த நிலையைத்தான். கல்லூரியின் மீது அவருக்குப் பகை இருந்ததில்லை என்பதை அவ்வெட்டு ஆண்டுகள் மெய்ப்பித்தன.

பின்னர் 1957 முதல் 1962 வரை பீகார் ஆளுநர், 1962 முதல் 1967 வரை குடியரசுத் துணைத்தலைவர் எனப் பொறுப்புகள் அவரைத் தேடிவந்தன. 1963இல் பாரத ரத்னா விருது பெற்றார். 1967 மே 13ஆம் நாள் குடியரசுத் தலைவரானார். 1969 மே 3ஆம் நாள் பதவியிலிருக்கும்போதே இயற்கை எய்தினார். அவருடைய உடல் ஓக்லாவில், மாணவர்கள் நாளும் நடமாடும் ஜாமியா வளாகத்திலேயே நல்லடக்கம் செய்யப்பட்டது. கூடாரங்களில் தொடங்கிய அந்நிறுவனம் 1988இல் மத்தியப் பல்கலைக்கழகமாயிற்று.

நம் மன்றங்களும் நாமும்

ஜாகிர் உசேனின் வாழ்வு மாணவர் அமைப்புகளுக்கு மூன்று செய்திகளைக் கூறுகிறது. முதலாவது, மாற்றுக்கருத்தை எள்ளாமல் செவிமடுக்கும் பயிற்சி. இரண்டாவது, ஒன்றை வேண்டாமென்று மறுக்கும்போதே அதற்கு ஈடானது யாதென வினவும் தெளிவு. மூன்றாவது, அவ்வாறு கேட்டுப் பெற்றதை வளர்க்கும் பொறுப்பில் தாமும் பங்கேற்கும் உறுதி. இம்மூன்றும் இல்லாத கூட்டம் ஆரவாரமாய்க் கலையும். இம்மூன்றும் உள்ள சிறு குழுவும் ஒரு நிறுவனத்தை எழுப்பும்.

மாணவர் மன்றத்தின் பணி தலைநகரங்களில் மட்டுமே நிகழ்வதன்று. ஜவ்வாது மலையின் சிற்றூர் ஒன்றிலிருந்து ஆலங்காயத்திற்கு வந்து பயிலும் மாணவி ஒருத்தி பேருந்து வசதியின்றிப் பள்ளிக்கு வாராதொழிந்தால், அவள் அமர்ந்த இடம் வெறுமையாவதை முதலில் காண்பவர்கள் உடன்பயில்வோரே. அக்காரணத்தைக் கேட்டறிந்து, எழுத்தில் பதிந்து, தலைமையாசிரியரிடமும் உரிய அலுவலரிடமும் முறையாக எடுத்துரைப்பது மன்றத்தால் இயலும். விடை வரும்வரை அவள் தவறவிட்ட பாடங்களை எடுத்துரைப்பதும் இயலும். முன்னது உரிமை, பின்னது பொறுப்பு. இவ்விரண்டையும் ஒருங்கே ஏற்கும் மாணவரால் மாற்றம் வேரூன்றும்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் பள்ளி மாணவர் மன்றத்தில் ஒரு பொருள் குறித்து இரு அணியாகச் சொற்போர் நிகழ்த்துக. பின்னர், எதிரணியின் கருத்துகளுள் ஏற்கத்தக்கதென நீவிர் கருதும் ஒன்றை எழுதுக.

2. உங்கள் ஊரிலுள்ள பழைய பள்ளி அல்லது கல்லூரி தோன்றிய வரலாற்றை முதியோரிடம் கேட்டறிந்து ஒரு பக்க அளவில் கட்டுரை வரைக.

3. உங்கள் பள்ளியின் தேவை ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதனை நிறைவேற்றுவதில் மாணவர் ஏற்கவேண்டிய பொறுப்பையும் குறிப்பிட்டுத் தலைமையாசிரியருக்கு விண்ணப்பம் எழுதுக.